புகையும் மூளையும் தோட்டத்து மக்களும்

2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் தேதி, ஜோகூர் மாநிலத்தின் மூவார் நகரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 என்ற எண்ணை எட்டியபோது, மலேசிய அரசாங்கம் மூவாரிலும் அதனை அடுத்த லேடாங்கிலும் அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. முந்நூறைக் கடந்தாலே மனித உயிருக்கு ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவுகோலில் அந்த எண் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அவ்விரு பிரதேசங்களுக்கும் அண்டையிலே, நெகிரி செம்பிலானின் தென்கோடியில், மலாக்காவின் எல்லையை ஒட்டிக்கிடக்கும் தம்பின் மாவட்டத்துக்கு அன்று அவசரநிலை இல்லை. ஆயினும் கிம்மாஸ் தொடங்கி ஆயர் கூனிங் வரையில், ரயில் பாதையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் செம்பனைத் தோட்டங்களின் மீதும், அங்கே குலை வெட்டிக்கொண்டிருந்தவர்களின் மீதும், அதே புகைதான் கவிந்திருந்தது.

இந்தப் புகையைப் பற்றி மூன்று கேள்விகள் உண்டு. எப்படிப்பட்ட நெருப்பில் இது பிறக்கிறது என்பது ஒன்று; மனித தேகத்துக்குள் புகுந்தபின் எவ்வளவு தூரம் பிரயாணம் செய்கிறது என்பது மற்றொன்று; எல்லோருடைய தலைக்கு மேலும் ஒரே விதமாகப் பரவுவதாகத் தோன்றுகிற இது, யாரை அதிகமாக வருத்துகிறது என்பது மூன்றாவது. முதற்கேள்வியை எரிதலை ஆராயும் விஞ்ஞானிகளும், இரண்டாவதை மூளை நரம்பு வல்லுநர்களும், மூன்றாவதைச் சமூக சாஸ்திரிகளும் பல ஆண்டுகளாகத் தத்தம் கூடங்களில் இருந்துகொண்டு தனித்தனியே ஆராய்ந்துவந்தார்கள். அண்மைக் காலத்தில் இம்மூவருடைய விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தத் தொடங்கியிருக்கின்றன. அவை பொருந்துகிற இடத்தில் நிற்பவர்கள் யாரென்று பார்த்தால், தலைமுறை தலைமுறையாக நெருப்போடும் புகையோடும் ஜீவனம் நடத்திவந்த நம் தோட்டத்துத் தமிழ் ஜனங்களைப் போன்றவர்களே என்பது புலப்படுகிறது. ஆகவே இந்த ஆராய்ச்சிகளைத் தூரதேசத்து விநோதங்களாகக் கருதாமல், தம்பினில் நின்றுகொண்டு நமக்கு உரியவையாகப் படிக்கவேண்டிய காலம் வந்துவிட்டதென்று கருதுகிறேன்.

நெருப்பிலிருந்தே தொடங்குவோம். சுவாலை விட்டு எரிவது ஒரு வகை. சுவாலையின்றிக் கனன்றுகொண்டிருப்பது மற்றொரு வகை. சுவாலை எரியும்போது விறகிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்து, 1500 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் பெரும்பாலும் எரிந்தே தீர்ந்துவிடும். கனலும் நெருப்பிலோ உஷ்ணம் 500 முதல் 700 டிகிரி அளவில் நின்றுவிடுவதால், பொருளின் மேற்பரப்பு மட்டும் மெல்லமெல்ல வேக, எரியாத ஆவிகள் வெளியேறிக் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் திவலைகளாகவும் கரித்துகள்களாகவும் காற்றில் மிதக்கின்றன. சுவாலை பெரிதானால் புகையும் பெரிதென்று நாம் நினைக்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. வானளாவ எரியும் காட்டுத் தீயைக் காட்டிலும், தீ இருப்பதே தெரியாமல் உள்ளுக்குள் கனலும் நிலமே, எரிகிற ஒவ்வொரு கிலோ பொருளுக்கும் அதிகமான நச்சுப்புகையைக் கக்குகிறது.

சுமத்ராவின் ரியாவ் பிரதேசத்தில் கனல்வது அத்தகைய நிலந்தான். இலையும் வேரும் வீழ்ந்த மரமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் அமிழ்ந்து முற்றும் மக்காமல் கிடந்து உண்டான கரிமண் அங்கே மீட்டர் கணக்கில் ஆழம் கொண்டது. சில இடங்களில் பத்து மீட்டரையும் தாண்டும். நீர் நிறைந்திருந்த காலமெல்லாம் அது தீப்பற்றாமல் கிடந்தது. செம்பனைக்காகவும் காகிதக் கூழுக்கான மரங்களுக்காகவும் கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தபிறகு, அந்த மண் காய்ந்து எரிபொருளாயிற்று. மழை பொய்க்கும் எல் நீன்யோ ஆண்டில், புதரை அழிக்க ஒருவன் மேலே வைத்த தீ, உமிக் குவியலில் இட்ட நெருப்புப்போல் கீழே இறங்கி, மணிக்குச் சில சென்டிமீட்டர் என்ற கதியில் பக்கவாட்டிலும் ஆழத்திலும் ஊர்ந்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கனல்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கில்லர்மோ ரெயின் என்னும் பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் கரிமண்ணைப் பெட்டிகளில் நிரப்பி, ஈரப்பதத்தை மாற்றி மாற்றிக் கொளுத்தி, இந்தக் கனலின் இயல்பைப் பரிசோதித்துவருகிறார்கள். ஈரம் கணிசமாக உள்ள மண்ணிலும் இது முன்னேறவல்லது என்பதும், ஓரளவு மழை பெய்தாலும் அணையாது என்பதும் இத்தகைய பரிசோதனைகளால் தெளிவாகியுள்ளன. விமானத்திலிருந்து நீரைக் கொட்டியும் இந்தோனேசியாவில் தீ அடங்காதிருந்ததன் காரணம் இதுவே.

இந்தத் தீயின் பரிமாணம் மனித புத்திக்கு எளிதில் எட்டக்கூடியதன்று. 1997-ஆம் ஆண்டில் இந்தோனேசியக் கரிநிலங்களும் காடுகளும் எரிந்து வெளியேற்றிய கரியின் அளவு 81 கோடி டன்னுக்கும் 257 கோடி டன்னுக்கும் இடைப்பட்டது என்றும், அது உலகம் முழுதும் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஓராண்டில் வெளியேற்றுவதில் 13 முதல் 40 சதவீதம் வரையில் ஆகும் என்றும் சூசன் பேஜ் என்பவரும் அவர் சகாக்களும் 2002-இல் கணித்தனர். அந்த ஆண்டு செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது; அங்கே குறியீடு 839-ஐ எட்டியது. 2015-இல் மறுபடியும் பெருந்தீ. அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நாளொன்றுக்கு இத்தீயிலிருந்து கிளம்பிய கரியமில வாயு 1 கோடியே 13 லட்சம் டன். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் யாவும் சேர்ந்து எரிபொருளால் நாளொன்றுக்கு வெளியிட்டது 89 லட்சம் டன். அந்த அக்டோபரில்தான் நெகிரி செம்பிலான் உள்ளிட்ட பல மாநிலங்களில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். தோட்டத்தில் குலை வெட்டு நடந்துகொண்டிருந்தது.

தோட்டங்களுக்கும் நெருப்புக்கும் உள்ள சம்பந்தம் நேற்று உண்டானதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் மேற்குக் கரையெங்கும் கித்தா என்னும் ரப்பர் பயிரிடப்பட்டபோது, கன்னிக் காட்டை வெட்டிச் சாய்த்து, வெயிலில் உலரவிட்டு, ஒரே மூச்சில் கொளுத்துவதே நிலம் திருத்தும் வழக்கமாக இருந்தது. அந்தச் சாம்பலின் மீது வரிசை பிடித்துக் கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் தஞ்சை, தென்னார்க்காடு, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். மரம் பால் தரத் தொடங்கிய பிறகு நெருப்பு வேறொரு ரூபத்தில் தொடர்ந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால் வெட்டி, மங்குகளிலிருந்து சேகரித்துக் காண்டாவில் சுமந்துகொண்டு வந்த பால் ஸ்டோரில் அமிலம் இட்டு உறையவைக்கப்பட்டு, உருளைகளில் தகடாகப் பிழியப்பட்டு, பின்பு புகைக்கூடத்துக்குப் போயிற்று. அங்கே மூங்கில் கழிகளில் தகடுகளைத் தொங்கவிட்டு, கீழே விறகை எரித்து, 50 அல்லது 60 டிகிரி உஷ்ணத்தில் நான்கைந்து நாட்கள் புகை காட்டுவார்கள். புகையில் உள்ள பீனால் முதலிய பொருள்கள் பூஞ்சைக் காளான் பிடியாமல் தகட்டைக் காக்கும். தகடும் பொன்னிறமும் பழுப்பும் கலந்த அழகிய நிறத்தை அடையும். லண்டன் சந்தையில் விலை போன அந்த நிறம் புகையின் நிறம் என்பதையும், தகடுகளைத் திருப்பிப்போட அந்தக் கூடத்துக்குள் நுழைந்து வெளியேறியவர்கள் சுவாசித்ததும் அதே புகைதான் என்பதையும் நாம் சேர்த்தே நினைக்கவேண்டும்.

மலாயாவின் புகைக்கூடங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் தென் தாய்லாந்தில் இன்றும் கூட்டுறவுச் சங்கங்கள் ரப்பர் மர விறகைக் கொண்டு தகடுகளைப் புகையிடுகின்றன. சொங்க்லாவில் உள்ள பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்த விறகின் புகையைப் பிடித்து அளந்து, அதிலுள்ள துகள்களில் மிகுதியானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை என்றும், புற்றுநோயை விளைவிக்கவல்ல பலவளைய ஹைட்ரோகார்பன்கள் அவற்றில் ஒட்டியிருக்கின்றன என்றும் கண்டறிந்தார்கள். நம் பாட்டன்மார் வேலை செய்த புகைக்கூடத்தின் காற்று எப்படி இருந்திருக்கும் என்பதை அறிய இன்று நமக்குக் கிடைக்கும் நெருங்கிய சாட்சியம் அதுவே.

ஸ்டோரோடு புகை நின்றுவிடவில்லை. முதிர்ந்து வெட்டிய பால்மரமே லயத்து அடுப்புக்கும் விறகு. காய்ந்த ஒட்டுப்பால் துண்டை மூட்டமாக வைத்து, ஈர விறகை ஊதி ஊதி எரியவைத்து, பெரட்டுக்கு முன்னால் சோறு வடித்த பெண், பகலில் பால் வெட்டி, மாலையில் மறுபடியும் அதே அடுப்பின் முன் குந்தினாள். அவளுடைய வாழ்நாளில் அவள் சுவாசித்த புகையின் கணக்கு எந்தச் செக்ரோலிலும் ஏறியதில்லை.

நீதியின் பொருட்டு ஒரு நற்செய்தியையும் இங்கே குறிக்கவேண்டும். பழைய மரங்களை எரிக்காமலே தோட்டத்தைப் புதுப்பிக்கும் முறை மலேசியாவிலேதான் பெரிய அளவில் உருப்பெற்றது. கோல்டன் ஹோப் நிறுவனம் 1989 முதல் தன் தோட்டங்களில் முதிர்ந்த மரங்களைச் சாய்த்து, சிறு சிறு சீவல்களாக்கி, வரிசைகளுக்கிடையே பரப்பி மக்கவிட்டு, அவற்றின் நடுவே புதிய கன்றுகளை நட்டது; 1992-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அதற்கு விருதும் அளித்தது. மக்கும் மரத்தில் காண்டாமிருக வண்டு பெருகிக் கன்றுகளைத் துளைக்கும் தொல்லை இம்முறையில் உண்டு. ஆயினும் மண்ணுக்கு உரம் மிஞ்சுகிறது, ஊருக்குக் காற்று மிஞ்சுகிறது. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவொன்று திறந்தவெளியில் எரிப்பதையும் தடைசெய்தது. நெருப்பில்லாமல் தோட்டம் செய்ய முடியாது என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. ஆனால் எல்லை கடந்த புகைமூட்டத்தைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002-இல் கோலாலம்பூரில் கையெழுத்திட்ட உடன்படிக்கையை இந்தோனேசியா 2014-இல்தான் உறுதிசெய்தது. அதற்கு அடுத்த ஆண்டே 2015-இன் பெருந்தீ மூண்டது.

இனி மூளைக்கு வருவோம். புகை நெஞ்சுக்குக் கெடுதல் என்பதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருமலும் இளைப்பும் பிரத்தியட்சமானவை. மூளையைப் பற்றிய சந்தேகம் மட்டும் மிகத் தாமதமாகவே எழுந்தது. மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்களையே பி.எம். 2.5 என்று சொல்கிறார்கள். அவற்றுள்ளும் மிகச் சூட்சுமமானவை நுரையீரலின் சுவரைக் கடந்து ரத்தத்தில் கலக்கவல்லவை. அதைவிட ஆச்சரியமான வேறொரு மார்க்கமும் உண்டு. மூக்கின் உச்சியில் வாசனையை அறியும் நரம்பின் நுனிகள் காற்றில் நேரே நீட்டிக்கொண்டிருக்கின்றன; அந்நரம்புகள் மூளையின் அடிப்பகுதிக்கே செல்கின்றன. 2004-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் குந்தர் ஓபர்டோர்ஸ்டரும் அவர் குழுவினரும் அடையாளமிட்ட மிக நுண்ணிய கரித்துகள்களை எலிகள் சுவாசிக்கும்படி செய்து பார்த்தபோது, அவை வாசனை உணரும் மூளைப் பகுதியில் சேர்ந்திருக்கக் கண்டார்கள். 2016-இல் பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துப் பார்பரா மேஹர், மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் இறந்த 37 பேருடைய மூளைத் திசுக்களை ஆராய்ந்து, அவற்றில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் துகள்கள் இருப்பதை வெளியிட்டார். உடம்பு தானாக உண்டாக்கும் இரும்புப் படிகங்கள் கோணங்கள் கொண்டவை. இவர் கண்டவற்றில் மிகுதியானவை உருண்டையானவை. இரும்பு உருகி உருண்டையாவது பெருநெருப்பில் மாத்திரமே. எரிதலின் சாஸ்திரமும் மூளையின் சாஸ்திரமும் ஒரே துகளில் சந்தித்த தருணம் அது.

துகள் மூளையில் இருக்கிறது என்பதால் மாத்திரம் அதுவே நோயை விளைவித்தது என்று முடிவுகட்டிவிட முடியாது. இதை மேஹரும் மறுக்கவில்லை. ஆனால் வேறு திசையிலிருந்தும் சாட்சியங்கள் குவிந்துவந்தன. 2020-இல் கில் லிவிங்ஸ்டன் தலைமையில் லான்செட் சஞ்சிகை அமைத்த குழு, முதுமையில் வரும் ஞாபகமறதி நோய்க்கான, தவிர்க்கக்கூடிய காரணங்களின் வரிசையில் காற்று மாசையும் சேர்த்தது. பின்னர் 2024-இன் இறுதியில், தென் கலிபோர்னியாவில் அறுபது வயதைக் கடந்த சுமார் 12 லட்சம் பேருடைய மருத்துவப் பதிவுகளை 2008 முதல் 2019 வரை தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. ஹோலி எல்சர், ஜோன் கேசி முதலியோர் செய்த அவ்வாராய்ச்சியில், ஒருவர் வாழும் இடத்துக் காற்றில் காட்டுத் தீயிலிருந்து வந்த நுண்துகளின் மூன்றாண்டுச் சராசரி, கனமீட்டருக்கு ஒரேயொரு மைக்ரோகிராம் கூடினாலும், ஞாபகமறதி நோய் கண்டறியப்படும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. வாகனமும் ஆலையும் கக்கும் துகளைக் காட்டிலும் தீயின் துகள் பன்மடங்கு வலிதாகக் காணப்பட்டது என்பதும், வறுமை மிகுந்த வட்டாரங்களில் இந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாக இருந்தது என்பதும் அதன் விசேஷமான முடிவுகள். கலிபோர்னியாவின் விகிதத்தை அப்படியே எடுத்துத் தம்பினுக்குப் பெருக்கிப் பார்ப்பது பிழையாகும். அங்கே எரிவது பைன் காடும் புதரும், இங்கே வருவது கரிமண்ணின் புகை. இரண்டின் ரசாயனமும் ஒன்றல்ல. ஆயினும் வறியவரின் மூளையே அதிகம் வாடுகிறது என்ற செய்தியைத் தோட்டத்துப் பிள்ளைகள் அலட்சியமாகக் கடந்துபோகலாகாது.

நெகிரி செம்பிலானுக்கு, நெருப்போடு சேர்த்துப் பேசப்படும் மூளைநோய் ஒன்றின் துயர ஞாபகமும் உண்டு. 1998-இன் இறுதியில் பேராக்கில் தொடங்கி, 1999-இன் முற்பகுதியில் இம்மாநிலத்தின் மேற்கே புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா முதலிய கிராமங்களில் பன்றிப் பண்ணைக்காரர்களை ஒரு மூளைக் காய்ச்சல் தாக்கிற்று. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் எண்ணிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் குழந்தைகளை அல்லவா தேடும், இதுவோ பன்றிகளோடு புழங்கும் வளர்ந்த ஆண்களைத் தேடுகிறதே என்ற ஐயம் சிலருக்கு எழுந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கௌ பிங் என்ற மருத்துவர் அதுவரை உலகம் அறியாத ஒரு நச்சுயிரைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. 265 பேரை அந்நோய் பற்றியது. 105 பேர் மாண்டனர். சுமார் பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. பிழைத்தவர்களிலும் சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மூளை அழற்சி திரும்ப வந்ததை மலாயாப் பல்கலைக்கழகத்து நரம்பியலார் பதிவுசெய்தனர்.

இந்த நச்சுயிரின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால். அந்த வௌவால் காட்டை விட்டுப் பண்ணைப் பழமரங்களுக்கு ஏன் வந்தது? 1997-98இன் புகைமூட்டமும் வறட்சியும் காட்டுமரங்களின் பூவையும் பழத்தையும் கெடுத்து அவற்றைத் துரத்தியிருக்கலாம் என்று சுவாவும் சகாக்களும் 2002-இல் ஓர் அனுமானத்தை வெளியிட்டனர். ஆனால் 2012-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி அதை ஏற்கவில்லை. ஒரே நிலத்தில் மாந்தோப்பும் பெரும் பன்றிப் பண்ணையும் நெருங்கி வளர்ந்த முறையையே அது மூலகாரணமாகக் கண்டது. இவ்விரண்டில் பின்னதே அதிக வலிவுடையதென்று எனக்குத் தோன்றுகிறது. புகையின் மீது ஏற்கெனவே போதுமான குற்றங்கள் ருசுவாகியிருக்கின்றன. ருசுவாகாத ஒன்றையும் அதன் தலையில் ஏற்றுவது நம் வழக்கைப் பலவீனப்படுத்தும்.

ருசுவான குற்றங்களில் மிகக் கொடியதை வெளிப்படுத்தியவர் ஒரு மருத்துவரல்லர், ஒரு பொருளியலார். 1997-இன் புகை குழந்தைகளைக் கொன்றதா என்று அறிய இந்தோனேசியாவில் நம்பத்தக்க மரணப் பதிவேடு இல்லை. சீமா ஜெயச்சந்திரன் என்னும் பொருளியல் பேராசிரியை வேறொரு மார்க்கத்தை யோசித்தார். செயற்கைக்கோள் காட்டிய புகையின் வரைபடத்தையும் 2000-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கையும் அருகருகே வைத்து, புகை மிகுந்த மாதங்களில் கருவில் இருந்தோ புதிதாகப் பிறந்தோ இருந்திருக்கவேண்டிய குழந்தைகளில் எத்தனை பேர் கணக்கில் காணப்படவில்லை என்று பார்த்தார். காணாமற்போனவர்கள் ஏறத்தாழ 15,600 பேர். ஏழைப் பிரதேசங்களில் இந்த இழப்பு செல்வப் பிரதேசங்களைவிட மிக அதிகம். பிழைத்து வளர்ந்தவர்களையும் புகை விடவில்லை. கருவில் அந்தப் புகையைப் பெற்றவர்கள் பதினேழாம் வயதில் உயரம் குறைந்திருந்ததையும், அதனால் சுமார் பத்து லட்சம் தொழிலாளருடைய மாத வருமானத்தில் 4 சதவீதம் இழப்பு நேர்வதையும் 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. 2015-இன் புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர், அவர்களுள் மலேசியாவில் சுமார் 6,500 பேர், அகாலமாக மாண்டிருக்கக்கூடும் என்று ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். இது சவங்களை எண்ணி வந்த தொகையல்ல, கணித மாதிரியால் வந்தது. அரசாங்கங்கள் அதை ஒப்புக்கொள்ளவுமில்லை.

புகை எல்லோருக்கும் பொது என்பது அரைகுறை உண்மை என்பதற்கு இன்னொரு சாட்சியமும் உண்டு. கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களில் பறித்த அளவுக்குக் கூலி பெறும் தொழிலாளர்களின் அன்றாடக் கணக்கை எடுத்து, ஜோஷுவா கிராஃப் சிவின், மேத்யூ நைடெல் என்னும் இரு பொருளியலார் 2012-இல் ஆராய்ந்தனர். காற்றில் ஓசோன் மாசு நூறு கோடிப் பங்கில் பத்துப் பங்கு மாறினாலே ஒருவருடைய வேலைத்திறன் 5.5 சதவீதம் மாறியது. அந்தக் காற்றில் அவர்கள் நோயென்று படுக்கவில்லை, விடுப்பு எடுக்கவில்லை. வேலைக்கு வந்துதான் இருந்தார்கள், கை மட்டும் தளர்ந்தது. பால் கிலோவுக்கும் குலை எண்ணிக்கைக்கும் கூலி வாங்கிப் பழகிய நமக்கு இதன் அர்த்தம் விளங்கும். அலுவலகத்தில் இருப்பவனுக்குப் புகைநாள் கண்ணெரிச்சல். அளவுக்கூலிக்காரனுக்கு அது சம்பளப் பிடித்தம். இன்று தம்பின் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் ஆவர். நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்காகவும் பேசவேண்டிய கடமை வேறெவரைக் காட்டிலும் நமக்கே அதிகம்.

தாயகத்திலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சியையும் சொல்லியாகவேண்டும். எந்த நாகப்பட்டினத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறினார்களோ, அந்த ஜில்லாவிலும், பழைய தென்னார்க்காட்டின் பகுதியான விழுப்புரத்திலும், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்துக் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் ஒரு பெரும் பரிசோதனையில் பங்குகொண்டனர். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள். ஒரு பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் இலவச வாயுவும். மற்றவர்க்குப் பழைய விறகடுப்பே. விறகுக்காரர் சுவாசித்த நுண்துகள் நடுத்தரமாகக் கனமீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம், வாயு பெற்றவர்க்கு அது 24 ஆகக் குறைந்தது. ஆனால் 2022-இல் முடிவு வெளிவந்தபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சராசரியில் சுமார் 20 கிராமே. பலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். 24 என்பதும் அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. மேலும், கர்ப்பத்தின் நடுவில் அடுப்பை மாற்றினால் அதற்கு முந்தைய இருபது வருஷத்துப் புகை உடம்பைவிட்டுப் போய்விடாது. புகையின் சேதம் ஆயுள் முழுதும் சேர்ந்துவருவது. அதை அறிய ஓராண்டு அளவீடு போதாது. ஒருவருடைய ஜீவிய சரித்திரமே வேண்டும்.

நம்முடைய குறை இங்கேதான் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட 1950-களிலும், அதைப் பற்றிப் பொருளியலார் உங்கு அசீஸ் அறிக்கை எழுதிய காலத்திலும், பின்னர் கித்தா செம்பனையான காலத்திலும், நிலம் வீட்டுமனைகளான காலத்திலும், ஜனங்கள் லயங்களை விட்டு ஊர் ஊராகப் பெயர்ந்தார்கள். பெயர்ந்தவர்களோடு அவர்கள் பார்த்த வேலையின் பதிவுகளும் சிதறிப்போயின. இன்று தம்பின் ஆஸ்பத்திரிக்கு எழுபத்தைந்து வயது மூதாட்டி ஒருத்தி மறதி என்று அழைத்துவரப்பட்டால், அவளுக்குச் சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்பார்கள். புகைக்கூடத்தில் எத்தனை வருஷம் வேலை செய்தாய், விறகடுப்பை எப்போது விட்டாய் என்று கேட்கும் வழக்கம் இல்லை. கேட்கும் காலம் வரும்போது, பதில் சொல்லவேண்டியவர்களுக்கே ஞாபகம் இராது. கலிபோர்னியாவில் 12 லட்சம் பேரை எண்ணியவர்களால் அது முடிந்தது, அவர்கள் எங்கே வசித்தார்கள் என்பது எழுத்தில் இருந்தபடியால்.

ஆகவே தம்பின், கெமெஞ்சே, கிம்மாஸ், ஆயர் கூனிங், ரெப்பா வட்டாரங்களில் வயது முதிர்ந்த பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் வீட்டில் வைத்திருக்கும் வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இது: இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை பால் வெட்டினார்கள், ஸ்டோரிலோ புகைக்கூடத்திலோ வேலை செய்ததுண்டா, லயத்தில் எந்த விறகை எரித்தார்கள், வீட்டுக்கு எரிவாயு எப்போது வந்தது, புகைமூட்டம் கவிந்த 1997-இலும் 2005-இலும் 2013-இலும் 2015-இலும் எங்கே வசித்தார்கள் என்பவற்றை ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். சமூக மருத்துவமும் நரம்பியலும் பயிலும் நம் இளைஞர்கள் அத்தாள்களைத் திரட்டி, மலாய்க்காரரும் சீனரும் அயல்நாட்டுத் தொழிலாளரும் சேர்ந்த ஓர் ஆராய்ச்சியாக அதை வளர்க்க முன்வரட்டும். அதுவரை அந்தத் தாளின் ஒரு பிரதி கிளினிக் அட்டையோடு இருக்கட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மறவாமல் அதை அவர் கையில் கொடுங்கள்.